மருத்துவபீடத்துக்கு முன்: வழிகாட்டி தேடுவதும் ஆஸ்பத்திரியைப் பார்ப்பதும் – மட்டக்களப்பு, அம்பாறை பயோ மாணவர்களுக்கு

எங்கள் நாட்டில் அரச மருத்துவபீடத்துக்கு ஆள் எடுப்பது இசட் புள்ளியை, அதாவது உயர்தரப் (ஏ.எல்.) பாடப் புள்ளிகளிலிருந்து கணக்கிடும் புள்ளியை வைத்துத்தான். ஆஸ்பத்திரியில் நின்றதற்கு யாரும் கடிதம் கேட்பதில்லை, தொண்டு வேலைக்குப் புள்ளி இல்லை. யூடியூப்பில் அமெரிக்கப் பிள்ளைகள் சொல்வது வேறு கதை. அங்கே முதலில் ஒரு நான்கு வருடப் பட்டம், அப்புறம் எம்கெட் என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சை, அதோடு டொக்டரின் பக்கத்தில் நின்று பார்த்த மணித்தியாலங்களையும் விண்ணப்பத்தில் எழுதுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, ஏ.எல். பரீட்சை தலைக்கு மேல் நிற்கிற நேரத்தில் "எனக்கு ஆஸ்பத்திரியில் நிற்க ஒழுங்கு செய்து தாங்கோ சேர்" என்று வருகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன்.

நல்ல வழிகாட்டி ஒருவர் கிடைத்தால் பரீட்சைத் தயாரிப்பு சீராகும். ஆஸ்பத்திரியைக் கிட்ட நின்று பார்த்தால் இந்தத் தொழில் நமக்குச் சரிவருமா என்று விளங்கும். வழிகாட்டி ஏ.எல். படிக்கும்போது தேவை, ஆஸ்பத்திரியைப் பார்ப்பது ஏ.எல். முடிந்த பிறகு. இந்த வரிசையை மாற்றினால் இரண்டாலும் பயன் இல்லை. கீழே உள்ள படிகளை ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடிந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். இடையில் சேர்பவர்கள் தங்கள் இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

1. பாடங்களைச் சரிபாருங்கள்

மருத்துவபீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பயோ பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கலாம் என்பதால், "ஃபிசிக்ஸ் கஷ்டம், அக்ரி எடுப்போம், பிறகு பார்ப்போம்" என்று சிலர் போய்விடுகிறார்கள். அந்தத் தெரிவோடு எம்.பி.பி.எஸ். கதவு மூடிவிடும். வேறு நல்ல பட்டப்படிப்புகளுக்கு அது போதும், ஆனால் மருத்துவத்துக்குப் போதாது.

இன்னொன்று, ஏ.எல். பரீட்சையோடு எழுதுகிற பொதுச் சாதாரணப் பரீட்சை. அதில் 30 புள்ளியாவது எடுக்க வேண்டும். அதன் புள்ளி இசட் புள்ளியில் சேராது என்பதால் அலட்சியம் செய்பவர்கள் உண்டு.

படுவான்கரையிலோ அம்பாறையின் உட்கிராமங்களிலோ இருப்பவர்கள், தங்களுக்குக் கிட்டிய 1ஏபி பாடசாலையில் (ஏ.எல். விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை) மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா என்று சேரும் முன்பே விசாரியுங்கள். பாடசாலை ஏ.எல். விஞ்ஞானம் வைத்திருக்கும், ஃபிசிக்ஸ் சேர் இடமாற்றத்தில் போயிருப்பார். வகுப்பு தொடங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் ஒரு தவணை வீணாகிவிடும்.

2. ஓ.எல். முடிந்த மாதங்கள்: ஊரில் தொடங்குங்கள்

பதினாறு வயதில் உங்களை வாட்டுக்குள் விட மாட்டார்கள். விடக் கூடாதுதான். ஆனால் நோயும் சுகாதாரமும் ஆஸ்பத்திரிக்கு வெளியேதான் தொடங்குகின்றன. அதைப் பார்க்க வயது தடையில்லை.

முதலில் ஒரு முதலுதவிப் பயிற்சி. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்சும் இதற்குப் பெயர் பெற்றவை. பாடசாலையில் அவர்களுடைய பிரிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இருந்தால் அங்கேயே சேரலாம். முதலுதவியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. காயத்தைக் கண்டு மயங்குகிறவரா, கை நடுங்காமல் கட்டுப் போடுகிறவரா என்பது அந்தப் பயிற்சியிலேயே ஓரளவு தெரிந்துவிடும். மயங்கினாலும் பயப்பட வேண்டியதில்லை, பலருக்கு அது பழகப் பழகப் போய்விடும்.

அடுத்தது உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. எங்கள் பக்கம் மாரி மழையோடு டெங்கு ஏறும். அப்போது பி.எச்.ஐ. மாரோடு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) வீடு வீடாகப் போய் தண்ணீர் தேங்கும் இடம் பார்க்கவும் சிரமதானத்துக்கும் ஆட்கள் எப்போதும் தேவைப்படுவார்கள். சனசமூக நிலையம் வழியாகவோ, பள்ளிவாசல், கோயில் நிர்வாகம் வழியாகவோ போனால் எளிது. ஒரு தெருவை முழுதாக நடந்து பாருங்கள். மூடாத தண்ணீர்த் தொட்டியை மூடச் சொன்னால் "நேற்றுத்தான் மூடினோம்" என்று சொல்கிற அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்பதை எந்த லெச்சரிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

இரத்ததான முகாமும் நல்ல இடம். இரத்தம் கொடுக்க 18 வயது ஆக வேண்டும், ஆனால் பெயர் பதியவும் கொடுத்தவர்களைக் கவனித்து உட்கார வைக்கவும் உங்களைச் சேர்த்துக்கொள்வார்கள்.

3. வழிகாட்டியாக யாரைத் தேடுவது

பெரும்பாலானோர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஊரில் பேர் பெற்ற வைத்திய நிபுணரைப் போய்ப் பார்க்கிறார்கள். அவர் அன்பாக இரண்டு வார்த்தை சொல்லி, "நல்லாப் படியுங்க மகன்" என்று அனுப்பிவிடுவார். அவருக்கு நேரமும் இல்லை, இன்றைய ஏ.எல். பேப்பர் எப்படி இருக்கிறது என்பதும் தெரியாது.

உங்களுக்கு வேண்டியது மருத்துவபீடத்தில் முதல் மூன்று வருடத்துக்குள் படிக்கிற ஒருவர். தமிழ் மொழிமூலம் ஏ.எல். எழுதியவராக, உங்கள் மாவட்டத்தவராக இருந்தால் நல்லது. அதிலும் இரண்டாம் தடவையில் உள்ளே போனவர் கிடைத்தால் விடாதீர்கள். முதல் தடவை எங்கே சறுக்கியது, அதை எப்படித் திருத்தினார் என்பதை அவரால் சொல்ல முடியும். முதல் தடவையிலேயே போனவர்களில் பலருக்குத் தாங்கள் எப்படிப் போனோம் என்பது தங்களுக்கே சரியாகத் தெரியாது.

இன்னொரு யோசனை: ஃபிசிக்ஸ் மட்டும் பலவீனம் என்றால் பொறியியல் பீடத்து அண்ணா ஒருவர் போதும். மருத்துவபீடத்து ஆள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

எங்கே தேடுவது? பழைய மாணவர் சங்கம், உங்கள் பாட ஆசிரியர் இருவரிடமும் கேளுங்கள். போன வருடம், முந்திய வருடம் எந்தப் பிள்ளை எங்கே போனது என்று ஆசிரியருக்கு நினைவிருக்கும். பல்கலைக்கழக மாணவர்கள் ஊருக்கு வந்து செமினார், முன்னோடிப் பரீட்சை நடத்துகிற வழக்கமும் இருக்கிறது. போனால் முன்வரிசையில் இருந்து கேள்வி கேளுங்கள். முடிந்த பிறகு பேசப் போனால் உங்களை அடையாளம் தெரியும். பாடசாலையில் அப்படி யாரும் இல்லாத சின்ன ஊர் என்றால் அடுத்த ஊர்ப் பாடசாலையின் சங்கத்தைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கொக்கட்டிச்சோலைப் பிள்ளைக்கு மட்டக்களப்பு நகரத்து அக்கா வழிகாட்டியாக இருந்தால் என்ன குறை?

பெண்பிள்ளைகள் ஓர் அக்காவை, ராத்தாவைத் தேடுவதே வீட்டில் எளிதாகப் போகும். அம்மாவுக்கு ஒரு தடவை போனில் பேச வைத்துவிட்டால் பிறகு இரவு எட்டு மணிக்கு வட்ஸ்அப் வந்தாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

4. முதல் செய்தியை எப்படி எழுதுவது

"அண்ணா, எப்பிடிப் படிக்கிறது?" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அவர் "பாஸ் பேப்பர் (கடந்த வருட வினாத்தாள்) செய்யுங்க" என்பார், உரையாடல் அதோடு முடிந்துவிடும். சுருக்கமாக, ஒரே ஒரு திட்டவட்டமான தேவையோடு எழுதுங்கள். இப்படி:

"வணக்கம் அக்கா. நான் களுவாஞ்சிகுடியில் பயோ இரண்டாம் வருடம். உங்கள் நம்பரை எங்கள் கெமிஸ்ட்ரி சேர் தந்தார். போன தவணை கெமிஸ்ட்ரி அமைப்புக் கட்டுரையில் எனக்குப் பாதிக்கும் குறைவாகத்தான் வந்தது. விடைத்தாளின் இரண்டு பக்கத்தை அனுப்பினால் எங்கே புள்ளி போகிறது என்று பார்த்துச் சொல்வீர்களா? உங்கள் பரீட்சை முடிந்த பிறகு பார்த்தாலும் சரி."

இதில் நீங்கள் யார், நம்பர் எப்படிக் கிடைத்தது, என்ன வேண்டும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற நாலும் இருக்கின்றன. கடைசி வரி முக்கியம். மருத்துவபீடத்தில் எப்போதும் ஏதோ ஒரு பரீட்சை நடந்துகொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் ஒரு கிழமை பொறுத்து ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் கோபிக்காமல் அடுத்தவரைத் தேடுங்கள்.

5. வழிகாட்டியோடு என்ன வேலை செய்வது

இரண்டு கிழமைக்கு ஒரு தடவை போதும். அதற்கு மேல் கேட்டால் அவரும் களைத்துவிடுவார், நீங்களும் சொந்தமாக யோசிப்பதை விட்டுவிடுவீர்கள். வழிகாட்டி டியூசன் மாஸ்டர் அல்ல, பாடம் நடத்தக் கேட்காதீர்கள். நீங்கள் செய்த வேலையைப் பார்த்துத் திருத்துவதுதான் அவருடைய பங்கு.

ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டியது இது. ஒரு பாஸ் பேப்பரை நேரம் வைத்து எழுதுங்கள். மூன்று பாடத்திலும் முதல் வினாத்தாள் 50 பல்தேர்வு, இரண்டு மணித்தியாலம். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட முழுதாக இல்லை. நேரம் வைக்காமல் செய்கிற பேப்பரில் வருகிற புள்ளியை நம்பவே வேண்டாம். பிறகு பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை வைத்து நீங்களே திருத்துங்கள். அதற்குப் பிறகுதான் வழிகாட்டிக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் திருத்தாமல் அனுப்பினால் அவர் செய்வது உங்கள் வேலை, அதில் நீங்கள் எதுவும் கற்கவில்லை.

தவறுகளுக்கென்று ஒரு கொப்பி வையுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: பாடம் தெரியாது, கேள்வியைப் பிழையாக வாசித்தேன், கணக்கில் சறுக்கினேன், நேரம் போதவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஏதாவது ஒன்று மற்றவற்றை விட நீண்டிருக்கும். வழிகாட்டியிடம் காட்ட வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். "எனக்கு உயிரியல் வராது" என்று வந்த பிள்ளைகள் சிலரின் கொப்பியைப் பார்த்தால், பாடம் தெரிந்திருக்கும், அமைப்புக் கட்டுரையில் புள்ளித்திட்டம் கேட்கிற சொல் மட்டும் விடையில் இருக்காது. அந்த நோய்க்கு இன்னொரு டியூசன் வகுப்பு மருந்தல்ல.

மூன்று பாடத்துக்கும் சமமாக நேரம் கொடுக்கிறீர்களா என்றும் வழிகாட்டி பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் உங்கள் புள்ளி, அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு, மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுப்பதுதான் இசட் புள்ளி. டொக்டர் ஆகப் போகிறேன் என்று உயிரியலையே கட்டிப்பிடித்துக்கொண்டு பௌதிகவியலைக் கைவிட்டால், ஒன்றில் ஏறியதை மற்றது இழுத்து விழுத்திவிடும்.

ஓர் எச்சரிக்கை. வழிகாட்டியின் பழைய நோட்டுக் கட்டை அப்படியே வாங்கிப் படிக்காதீர்கள். உயிரியல் உட்பட விஞ்ஞானப் பாடங்களுக்குப் புதிய பாடத்திட்டப்படி முதல் பரீட்சை நடந்தது 2019இல். அதற்கு முந்திய பாஸ் பேப்பர்களில் எது இன்றைக்கும் பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு மாலை நேர வேலை, ஆனால் உங்களுக்குப் பல கிழமை மிஞ்சும். அடிப்படைக்குத் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலே போதும்.

6. ஏ.எல். முடிந்த பிறகு: அனுமதிக் கடிதம்

பரீட்சை முடிந்து மருத்துவபீடத்தில் காலடி வைக்க ஒரு வருடத்துக்கு மேலும் போகலாம். ஆஸ்பத்திரியைப் பார்க்க இதுதான் நேரம். பெரும்பாலும் 18 வயதும் ஆகியிருக்கும்.

மட்டக்களப்புப் பிள்ளைகள் எடுத்த எடுப்பிலேயே போதனா வைத்தியசாலைக்கு ஓடுகிறார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். அங்கே கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள், தாதிய மாணவர்கள் என்று ஏற்கெனவே கூட்டம். ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆளுக்கு எதுவும் தெரியாது. களுவாஞ்சிகுடி, ஏறாவூர், வாழைச்சேனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை, கல்முனை வடக்கு போன்ற ஆதார வைத்தியசாலைகளில் இடமும் இருக்கும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளும் இருக்கும். வீட்டுக்குக் கிட்ட என்பதால் பஸ் செலவும் குறைவு.

கடிதத்தை வைத்தியசாலைத் தலைவருக்கு எழுதுங்கள். போதனா வைத்தியசாலை என்றால் பணிப்பாளர், ஆதார வைத்தியசாலை என்றால் வைத்திய அத்தியட்சகர். தெரிந்த டொக்டர் ஒருவர் "வாங்க, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னாலும் கடிதம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். ஏதாவது நடந்தால் சிக்கலில் மாட்டுவது அவர்தான்.

கடிதத்தோடு அதிபரின் சிபாரிசு, அடையாள அட்டைப் பிரதி, பெற்றோரின் சம்மதக் கடிதம் மூன்றையும் இணையுங்கள். எத்தனை நாள், எந்த நேரம், எந்தப் பகுதி என்று திட்டமாகக் கேளுங்கள். இரண்டு கிழமை, காலை மட்டும் என்று கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். "இன்டர்ன்ஷிப் தாருங்கள்" என்று எழுத வேண்டாம், அது எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் செய்கிற ஒரு வருட வேலை. "அவதானிப்பதற்கு அனுமதி" என்று கேளுங்கள். முடியாது என்று சொன்னால் வாதாடாமல், தொண்டராக வெளிநோயாளர் பிரிவில் வரிசை ஒழுங்குபடுத்த உதவலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

7. உள்ளே போன பிறகு

எல்லோரும் கேட்பது அவசர சிகிச்சைப் பிரிவை, இல்லாவிட்டால் சத்திரசிகிச்சைக் கூடத்தை. இரண்டிலும் நீங்கள் இடைஞ்சல்தான். வெளிநோயாளர் பிரிவிலும் கிளினிக்கிலும் தொடங்குங்கள். நீரிழிவு கிளினிக்கில் ஒரு காலை முழுக்க இருந்து பார்த்தால் டொக்டரின் வேலையில் பெரும் பங்கு என்ன என்று தெரியும். அதே வருத்தம், அதே குளிசை, "சோத்தைக் குறைச்சீங்களா?" என்ற அதே கேள்வி, ஒவ்வொரு முகத்துக்கும் பொறுமையாக. அலுப்பாக இருக்கிறதா? அதை இப்போதே அறிந்துகொள்வது நல்லது. பிறகு மருந்தகம், ஆய்வுகூடம், பிசியோதெரபி என்று ஒவ்வொரு நாளாகப் போங்கள். டொக்டரைத் தவிர அந்தக் கட்டடத்தில் யாரெல்லாம் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது எட்டாம் படியில் கைகொடுக்கும்.

மூடிய சப்பாத்து, சுத்தமான சாதாரண உடுப்பு. வெள்ளைக் கோட் போடக் கூடாது, ஸ்டெதஸ்கோப் கழுத்தில் தொங்கவும் கூடாது. நோயாளி உங்களை டொக்டர் என்று நினைத்துக் கேள்வி கேட்டால் என்ன சொல்வீர்கள்? முதல் நாளே பொறுப்புத் தாதியிடம் பெயர் சொல்லி அறிமுகமாகுங்கள். வாட்டில் எது எங்கே, யாரிடம் எப்போது பேசலாம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

இரத்தம், ஊசி, கழிவு வாளி எதையும் தொட வேண்டாம். உதவி என்று நினைத்துக்கூட. சின்ன வயதில் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருந்தாலும், அது மற்றத் தொற்றுகளைத் தடுக்காது.

அடுத்தது இரகசியம். எங்கள் பக்கம் ஊர் சின்னது, எல்லோரும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். கட்டிலில் படுத்திருப்பவர் உங்கள் பெரியம்மாவின் சம்பந்தியாக இருக்கலாம். அவருக்கு என்ன வருத்தம் என்பது வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாத விஷயம். போட்டோ வேண்டாம், பேஸ்புக் வேண்டாம், "இன்றைக்கு ஒரு கேஸ் பார்த்தேன்" என்ற ஸ்டேட்டஸும் வேண்டாம். குறிப்புக் கொப்பியில் பெயர், கிராமம், கட்டில் இலக்கம் எதுவும் எழுதாதீர்கள். "அறுபது வயது மீனவர்" என்று எழுதினாலே ஊரில் பாதிப்பேருக்கு யாரென்று தெரிந்துவிடும், கவனம். தெரிந்தவரைக் கண்டால் அவர் பேசினால் பேசுங்கள், இல்லாவிட்டால் ஒதுங்கிப் போங்கள்.

மொழியையும் கவனியுங்கள். தமிழ் தெரியாத டொக்டரும் சிங்களம் தெரியாத நோயாளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பதும், இடையில் ஒரு தாதியோ சிற்றூழியரோ மொழிபெயர்ப்பதும் எங்கள் மாவட்டங்களில் சாதாரணம். மொழிபெயர்ப்பில் என்ன விடுபடுகிறது என்று உற்றுக் கேளுங்கள். "நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி" என்று நோயாளி சொல்வது "நெஞ்சு வலி" என்று போய்ச் சேரும். நீங்களாகப் போய் மொழிபெயர்க்க முன்வராதீர்கள். கேட்டால், சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்கள், விளக்கம் சேர்க்காதீர்கள். வீட்டுக்குப் போய் சிங்களப் புத்தகத்தைத் தூசி தட்டுங்கள். மருத்துவபீட பெச்சில் எல்லா மாகாணத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள், அங்கேயும் அது தேவைப்படும்.

8. விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது

பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி முழுதாக வாசியுங்கள். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறும், போன வருடப் புள்ளியை வைத்து "எனக்குக் கிடைத்துவிட்டது" என்றோ "முடிந்தது" என்றோ தீர்மானிக்க வேண்டாம்.

விருப்ப வரிசையை நண்பனின் படிவத்தைப் பார்த்து எழுதுவது பெரும் பிழை. மட்டக்களப்பிலேயே படித்தால் வீட்டுச் சாப்பாடு, நோயாளியோடு தமிழில் பேச்சு. பேராதனையோ கொழும்போ என்றால் தங்குமிடம், சிங்களம் இரண்டுக்கும் தயாராக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் படிக்கிற ஒருவரிடம் விசாரிக்க உங்கள் வழிகாட்டியே தொடர்பு எடுத்துத் தருவார்.

மருத்துவத்தை மட்டும் எழுதிவிட்டு மற்ற வரிகளை ஏனோதானோ என்று நிரப்புகிறவர்களும் உண்டு. பல் மருத்துவம், தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், பிசியோதெரபி, திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் என்று நிறைய இருக்கிறது. ஏழாம் படியில் ஆய்வுகூடத்தில் நின்றது இப்போது உதவும்: பார்த்துப் பிடித்திருந்ததை மேலே போடுவீர்கள்.

9. காத்திருக்கும் மாதங்களும், புள்ளி போதாதபோதும்

இடம் கிடைக்கும் போலிருந்தால் ஆங்கிலத்தில் இறங்குங்கள். ஏ.எல். தமிழில், எம்.பி.பி.எஸ். ஆங்கிலத்தில். முதல் மாதங்களில் பிள்ளைகள் திணறுவது உடற்கூற்றியலால் அல்ல, லெச்சரரின் வேகத்தால். தடித்த அனட்டமி புத்தகத்தை இப்போதே வாங்கி அழகுக்கு வைக்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே தமிழில் படித்த இதயம், சிறுநீரகம், நரம்பு பற்றிய ஆங்கில விரிவுரைகளைத் தினமும் கேளுங்கள். விஷயம் தெரிந்ததாக இருப்பதால் காது மொழியை மட்டும் பழகும்.

புள்ளி போதாவிட்டால் தவறுக் கொப்பியை எடுத்து வழிகாட்டியோடு உட்காருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக மொத்தம் மூன்று தடவைதான் தோற்றலாம், ஆகவே அடுத்த தடவை எதை மாற்றப் போகிறோம் என்று தெரியாமல் விண்ணப்பிக்க வேண்டாம். பழைய வழிகாட்டியோடு அந்தக் கொப்பியில் தவறுகள் குறையவில்லை என்றால் ஆளை மாற்றுவதிலும் தவறில்லை, நன்றி சொல்லிவிட்டு மாறுங்கள்.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். முகவர்களும் வீட்டுக்கு வருவார்கள். முற்பணம் கொடுக்கும் முன் இரண்டைப் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவச் சபை அங்கீகரித்திருக்கிறதா என்பதைச் சபையிடமே உறுதிசெய்யுங்கள், முகவர் காட்டுகிற கடதாசியில் அல்ல. திரும்பி வந்து இங்கே பதிவுசெய்ய வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான இ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடைய வேண்டும், அதற்கான காலத்தையும் செலவையும் கணக்கில் சேருங்கள். முகவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி, முதலில் உங்கள் வழிகாட்டிக்கு அனுப்புங்கள். அப்படி வெளிநாட்டில் படித்து வந்த ஒருவரை அவருக்குத் தெரிந்திருக்கும், அவரோடு பேசிய பிறகு அப்பா வங்கிக்குப் போகட்டும்.